மீல் மேக்கர், தைராய்டு மாத்திரை, ஆளி விதை: எதை எவ்வளவு?

பாலாற்றங்கரை:
தம்பி ஜிம்முக்குப் போகிறான். தினமும் மீல் மேக்கர் (சோயா உருண்டை) 100 கிராம் (ஊற வைப்பதற்கு முந்தைய எடை) சாப்பிடுகிறான். அதில் பெண் ஹார்மோன் இருக்கு, மார்பு வளரும் என்று கூட இருப்பவர்கள் பயமுறுத்துகிறார்கள். அம்மாவுக்கு 58 வயது, தைராக்சின் (தைராய்டு மாத்திரை) 75 மைக்ரோகிராம் போடுகிறார். காலையில் சோயா கலந்த சத்துமாவுக் கஞ்சி. இருவரும் நிறுத்த வேண்டுமா?

பருப்புசாதம்:
தம்பி விஷயம் முதலில். சோயாவில் இருப்பது ஜெனிஸ்டீன், டெய்ட்சீன் போன்ற ஐசோஃபிளேவோன்கள் என்ற தாவரச் சேர்மங்கள். பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் போய் ஒட்டும் ஏற்பிகளில் இவையும் ஒட்டும், ஆனால் பிடிப்பு மிகத் தளர்வு. ஆண்களிடம் நடந்த ஆய்வுகளை 2010-லும் 2021-லும் தொகுத்துப் பார்த்ததில் டெஸ்டோஸ்டிரோன் குறையவில்லை. மார்பு வீங்கியதாக 2008-ல் அமெரிக்காவில் பதிவான ஒருவர் தினம் குடித்தது கிட்டத்தட்ட 3 லிட்டர் சோயா பால்! நிறுத்தியதும் சரியானது.

அதற்காக 100 கிராம் வேண்டாம். அதில் ஏறத்தாழ 150 மில்லிகிராம் ஐசோஃபிளேவோன் வரும். ஜப்பானியர் வழக்கமாகச் சாப்பிடுவது நாளுக்கு 25 முதல் 50 மில்லிகிராம். மீல் மேக்கர் 25–30 கிராம் போதும், மீதிப் புரதத்துக்கு முட்டை, பயறு, தயிர் இருக்கே. வெந்நீரில் ஊற வைத்து, இரண்டு முறை அலசி ஒட்டப் பிழியுங்கள். வயிற்றில் வாயு சேர்க்கும் சர்க்கரைகளும் ஐசோஃபிளேவோனில் ஒரு பகுதியும் அந்தத் தண்ணீரோடு போய்விடும். சோயா எண்ணெய், சோயா சாஸ் பற்றிக் கவலையே வேண்டாம், அவற்றில் ஐசோஃபிளேவோன் அநேகமாகக் கிடையாது.

மருந்துச்சீட்டு:
அம்மாவுக்கு ஹார்மோன் பயத்தைவிட, மாத்திரை குடலில் உறிஞ்சப்படுவதுதான் பிரச்சினை. சோயா அதைத் தடுக்கும். எழுந்ததும் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் மாத்திரை. காபிகூட அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான். சோயா கஞ்சியை மாலைக்கு மாற்றுங்கள்; சோயா, கால்சியம், இரும்பு மாத்திரை மூன்றுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் இடையே 4 மணி நேர இடைவெளி நல்லது.

பலரும் கோட்டைவிடுவது வேறு இடத்தில். ஒரு வாரம் சோயா, மறு வாரம் இல்லை என்று மாறினால் டிஎஸ்ஹெச் (தைராய்டு ரத்தப் பரிசோதனையில் பார்க்கும் அளவு) ஏறி இறங்கும், டாக்டர் டோஸை மாற்றிக்கொண்டே இருப்பார். அளவு ஒரே மாதிரி இருக்கட்டும். மாற்றினால் 6–8 வாரம் கழித்து ரத்தம் பாருங்கள். மல்டிகிரெய்ன் கோதுமை மாவிலும் சோயா இருக்கும், பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள்.

பாலாற்றங்கரை:
நன்றி. அம்மா ஆளி விதையும் முழுதாக விழுங்குகிறார், அது?

பருப்புசாதம்:
முழுதாக விழுங்கினால் அப்படியே வெளியே போகும். அதிலுள்ள லிக்னான்கள் என்ற தாவரச் சேர்மங்களைக் குடல் பாக்டீரியாதான் உடல் பயன்படுத்தும் என்டரோலாக்டோனாக மாற்ற வேண்டும். ஆன்டிபயாட்டிக் எடுத்தால் அதுவும் குறையும். லேசாக வறுத்து, ஒரு வாரத்துக்கு மட்டும் பொடித்து, காற்றுப் புகாத டப்பாவில் ஃபிரிட்ஜில் வையுங்கள். நாளுக்கு ஒரு மேசைக்கரண்டி, இட்லிப் பொடியில் கலந்தாலே போதும். பெயின்ட் வாசனை வந்தால் சிக்கு பிடித்துவிட்டது, கொட்டிவிடுங்கள்.

மருந்துச்சீட்டு:
நார்ச்சத்து அதிகம் என்பதால் இதுவும் மாத்திரையை விட்டுத் தள்ளியே. மார்பகப் புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர் வீட்டில் இருந்தால், உணவாகச் சோயா அளவோடு பரவாயில்லை; ஐசோஃபிளேவோன் காப்ஸ்யூல் மட்டும் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.