அதிகாலையில் ஓஸ் உறைந்து குழாய் வெடிக்கிறது: மலையில் இருப்பவர்கள் என்ன செய்கிறீர்கள்?

கொட்டக்கொம்பூர்க்காடு

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் இருப்பது தேவிகுளம் தாலுகாவில், வட்டவடையைத் தாண்டி கொட்டக்கொம்பூர் பக்கம். வீடு ஓடைக்கரையை ஒட்டிய பள்ளத்தில் இருக்கிறது. பூண்டும் முட்டைக்கோசும் போட்டிருக்கிறோம், கறவை மாடு இரண்டு, கன்று ஒன்று. மேலே உள்ள ஊற்றிலிருந்து சுமார் 400 மீட்டருக்கு முக்கால் இஞ்ச் கருப்பு ஓஸ் போட்டு, வீட்டுக்குப் பின்னால் மேடையில் வைத்திருக்கும் 1000 லிட்டர் தொட்டிக்குத் தண்ணீர் கொண்டுவருகிறோம். அங்கிருந்து பிவிசி குழாயில் அடுப்படிக்கும் தொழுவத்துக்கும் போகிறது.

மழை விட்டு வானம் தெளிந்த நாளிலிருந்து பனி கொட்டுகிறது. போன வாரம் மூன்று நாள் காலை பத்து மணி வரை சொட்டுத் தண்ணீர் வரவில்லை. வியாழக்கிழமை அடுப்படியில் இருந்த பித்தளைக் குழாய் நீளவாக்கில் பிளந்துவிட்டது, சுவரோரம் குழாய் திரும்பும் இடத்தில் போடுகிற ஒரு எல்போவும் போனது. ஆள் வைத்துச் சரிசெய்தோம். மூன்றாம் நாள் அதே எல்போ மறுபடியும் வெடித்தது. ஓஸ் முழுக்கச் சாக்கு சுற்றினால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனார், சுற்றினோம், ஒன்றும் மாறவில்லை.

அம்மா விடியற்காலையில் ஓடையில் குடம் குடமாக எடுத்துவந்து மாட்டுக்கு வைக்கிறார். அவருக்கு முட்டிவலி, பார்க்கவே முடியவில்லை. கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத இடம், அதனால் கரண்டில் சூடு பண்ணும் எந்த வழியும் எங்களுக்கு ஆகாது. செலவு குறைவாக இதற்கு என்ன செய்யலாம்? மாடு, காய்கறி இவற்றைப் பற்றிச் சொல்ல இருந்தாலும் சொல்லுங்கள்.

செண்டுவரை பழைய ஃபிட்டர்

தம்பி, எஸ்டேட்டில் 30 வருடம் தண்ணீர் லைன் பார்த்தவன் நான். முதலில் ஒன்று கேட்கிறேன், தொட்டியில் மிதவை வால்வு போட்டிருக்கிறீர்களா? தொட்டி நிறைந்ததும் அது அடைத்துக்கொள்ளும். அடைத்தால் 400 மீட்டர் ஓஸிலும் தண்ணீர் அசையாமல் நிற்கும். உறைவது அந்த நின்ற தண்ணீர்தான். ஊற்றுத் தண்ணீர் பூமிக்குள்ளிருந்து வருகிறது, அதிகாலையில் கையை வைத்தால் வெதுவெதுப்பாகத் தெரியும். அது ஓடிக்கொண்டே இருந்தால் நம் ஊர்ப் பனிக்கு உறையாது.

சாக்கு சுற்றுவது பற்றி. சாக்குக்குச் சொந்தமாகச் சூடு கிடையாது, உள்ளே இருக்கிற சூடு போவதைக் கொஞ்சம் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். பொழுது சாய்ந்ததிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் நிற்கிற மெல்லிய ஓஸில் அந்தத் தாமதம் போதாது. அதிலும் பனியில் நனைந்த சாக்கு எதற்கும் உதவாது.

வெடிப்பு ஏன் குழாயிலும் எல்போவிலும் வருகிறது என்றும் புரிந்துகொள்ளுங்கள். தண்ணீர் ஐஸ் ஆகும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பெருக்கும். லைன் நடுவில் ஐஸ் கட்டி வளர வளர, முன்னால் இருக்கும் தண்ணீரை மூடிய குழாய்ப் பக்கம் தள்ளும். போக இடமில்லாமல் அங்கே அழுத்தம் ஏறி, எது பலவீனமோ அது பிளக்கும். ஐஸ் ஓரிடம், வெடிப்பு வேறிடம். அதனால்தான் எல்போவை எத்தனை முறை மாற்றினாலும் அது போய்க்கொண்டே இருக்கிறது. கருப்பு ஓஸ் கொஞ்சம் விரிந்து கொடுக்கும், பிவிசியும் பித்தளையும் கொடுக்காது.

மிதவை வால்வைக் கழற்றிவிடுங்கள். தொட்டி வாயில் ஒரு சாதாரண வால்வு வைத்து, இரவு தண்ணீர் விடாமல் ஓடும்படி திறந்து வையுங்கள். வீட்டுப் பக்க லைனுக்கு, தொட்டியின் அடியில் ஒரு கேட் வால்வு, லைனின் ஆகத் தாழ்ந்த இடத்தில் ஒரு வடிகால் குழாய். இரவு படுக்கப் போகுமுன் கேட் வால்வை அடைத்து, வடிகாலைத் திறந்து, அடுப்படிக் குழாயையும் தொழுவக் குழாயையும் திறந்தே விடுங்கள். மேலே காற்று உள்ளே போனால்தான் கீழே தண்ணீர் முழுதாக இறங்கும். வெறும் குழாயில் உறைய எதுவும் இல்லை.

போடிமெட்டு ஏலக்காய்

தொட்டியில் ரெண்டு படி உப்பு போட்டால் உறையாது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். முயற்சி செய்து பாருங்கள்.

செண்டுவரை பழைய ஃபிட்டர்

வேண்டாம் தம்பி. 1000 லிட்டருக்கு இரண்டு படி உப்பு போட்டால் உறையும் புள்ளி ஒரு டிகிரிகூட இறங்காது. ஒரு பிரயோசனம் தெரிய வேண்டுமென்றால் வாயில் வைக்க முடியாத அளவுக்கு உப்பு வேண்டும். அது குடிதண்ணீர், மாடும் அதைத்தான் குடிக்கிறது.

கொட்டக்கொம்பூர்க்காடு

அண்ணே, மிதவை வால்வு இருக்கிறது, நீங்கள் சொன்னதும்தான் உறைத்தது. போன வருடம் அதைப் போட்ட பிறகுதான் இந்தத் தொல்லை அதிகமானது. ஆனால் இரவு முழுக்கத் தண்ணீரை ஓடவிட மனசு வரவில்லை. அந்த ஊற்றை நம்பி நான்கு வீடு இருக்கிறோம். சுற்றிலும் கிராண்டிஸ் (யூகலிப்டஸ்) மரம் வந்த பிறகு மாசி பங்குனியில் ஊற்று சுண்டிப்போகிறது. இப்போது வீணாக்கிவிட்டுக் கோடையில் யார் முகத்தில் விழிப்பது?

இன்னொன்று, ஓஸில் 30 அடி வெறும் பாறை மேல் போகிறது, அங்கே புதைக்க வழியில்லை.

செண்டுவரை பழைய ஃபிட்டர்

நியாயமான கவலை. ஆனால் வீணாக்க வேண்டாம், ஓடுகிற நேரத்தை மட்டும் மாற்றுங்கள். பகலில் தொட்டித் தண்ணீரைச் செலவழியுங்கள், மாடு, பாத்திரம், குளியல், மிச்சம் கோசுக்கு. சாயங்காலம் தொட்டி அடிமட்டத்துக்கு வந்திருக்க வேண்டும். இரவு ஒன்பது மணிக்கு வாய் வால்வைத் திருகி, நிமிடத்துக்கு 2 லிட்டர் விழுகிற மாதிரி வையுங்கள். 10 லிட்டர் பக்கெட் 5 நிமிடத்தில் நிறைந்தால் சரியான அளவு. காலை ஆறு மணிக்குக் கணக்குப் போட்டால் 1080 லிட்டர். உங்கள் தொட்டி நிறைந்து ஒரு அண்டா அளவுதான் வழியும். நீங்கள் பகலில் பிடித்துவைக்கிற அதே தண்ணீர்தான், அந்த ஒரு அண்டாவைத் தவிர ஊற்றிலிருந்து அதிகம் எடுக்கப் போவதில்லை. மற்ற மூன்று வீட்டுக்கும் சொல்லுங்கள், அவர்கள் ஓஸும் இதே மாதிரிதானே.

புதைப்பதற்கு ஒரு அடி ஆழம் போதும். குளிர் நாடுகளில் தரையே பல அடிக்கு உறைந்துபோகும், அதனால் அவர்கள் ஆழமாகத் தோண்டுகிறார்கள். நம் மண் உள்ளே உறைவதில்லை, மேல்தோலில் மட்டும்தான் பனி. பாறை இருக்கும் இடத்தில் இரண்டு பக்கமும் கல் அடுக்கி, நடுவில் ஓஸை வைத்து, மண் கொட்டி மேலே புல் கரணை பதியுங்கள். முக்கியமாக ஓஸ் எங்கேயும் தொட்டில் மாதிரி தொங்கக் கூடாது. தொங்குகிற இடத்தில் வடித்த பிறகும் தண்ணீர் தங்கி, முதலில் அங்கேதான் கட்டும்.

ஊட்டிக்காரி

அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. உறைந்த பிறகு என்ன செய்யக் கூடாது என்பதை நான் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் பட்டிருக்கிறோம். ஒரு தை மாதக் காலையில் என் வீட்டுக்காரர் அவசரத்தில் பழைய பேப்பரைக் கொளுத்திக் குழாயடியில் பிடித்தார், பிவிசி உருகி வளைந்து, சுவரில் சாத்தியிருந்த விறகும் பற்றிக்கொண்டது. கொதிக்கிற தண்ணீரும் ஊற்றாதீர்கள், குளிரில் விறைத்த பிளாஸ்டிக் அந்தச் சூட்டில் விரிசல் விடும். குழாயை முதலில் திறந்து வையுங்கள். கை பொறுக்கிற சூட்டில் தண்ணீர் எடுத்து, பழைய துணியை நனைத்துக் குழாய் முனையிலிருந்து தொட்டிப் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போங்கள். நடுவிலிருந்து ஆரம்பித்தால் உருகிய தண்ணீர் இரண்டு ஐஸுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும்.

வீட்டில் சோலார் வாட்டர் ஹீட்டர் வைக்கிற எண்ணம் இருந்தால் ஒரு வார்த்தை. தட்டை வகையில் உள்ளே செம்புக் குழாய் இருக்கும். தெளிந்த இரவில் அந்தத் தகடு வானத்தைப் பார்த்துச் சூட்டை இழந்து, வெளிக்காற்று இரண்டு மூன்று டிகிரி இருக்கும்போதே உள்ளே தண்ணீர் உறைந்து குழாய் வெடித்துவிடும். எங்களுக்கு அப்படித்தான் போனது. கண்ணாடிக் குழல் வகை இதற்குத் தேவலை.

தெர்மாமீட்டரை நம்பி ஏமாறாதீர்கள் என்பதும் இதனால்தான். ஆள் உயரத்தில் 2 டிகிரி காட்டும், புல்லில் வெள்ளையாகப் பனி கிடக்கும். மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை மேலே இருக்கும் காற்றைவிட அதிகம் குளிர்ந்துபோகும், கனத்த குளிர்காற்று பள்ளத்தில் வந்து தேங்கும். உங்கள் வீடு ஓடைக்கரைப் பள்ளம் என்று எழுதியிருக்கிறீர்கள், மேட்டில் இருக்கிற வீடுகளைவிட உங்களுக்கு ஒரு வாரம் முந்தி ஆரம்பித்து ஒரு வாரம் பிந்தி முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் நட்சத்திரம் பளிச்சென்று தெரிந்து இலை அசையாமல் இருந்தால் அன்றைக்கு குழாயை வடிக்காமல் படுக்காதீர்கள்.

தயவுசெய்து இன்னொன்று. குளிருக்குக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு யாரும் தூங்க வேண்டாம். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். மலையில் வருடாவருடம் இது நடந்துகொண்டே இருக்கிறது. அம்மாவிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

பழத்தோட்டம் பால்காரர்

நானும் வட்டவடைதான். மாட்டுக்கு வருகிறேன். பச்சைத் தண்ணீர் சில்லென்று இருந்தால் மாடு ரெண்டு மடக்கு குடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். குடிக்கிறது குறைந்தால் அன்றைக்கே பால் குறையும், கறவை மாட்டுக்குப் பால் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர்தானே. நான் விடிந்ததும் வைக்க மாட்டேன். கறந்து முடித்து, ஒரு அண்டா சுடுதண்ணீரை மாட்டுத் தொட்டியில் கலந்து, வெதுவெதுப்பாக வைப்பேன், கூடவே கொஞ்சம் தவிடு. ஒரே மூச்சில் காலி பண்ணும். இரவு மாட்டுத் தொட்டியில் தண்ணீரை விட்டுவைக்காதீர்கள், கவிழ்த்துவிடுங்கள், சிமெண்ட் தொட்டியும் விரிசல் விடும்.

தொழுவத்தில் காற்று வரும் பக்கம் மட்டும் தார்ப்பாய் கட்டுங்கள், நாலு பக்கமும் மூடினால் மூத்திரக் காந்தலில் கன்றுக்குச் சளி பிடிக்கும். குளிரைவிட ஈரம்தான் கெடுதல். தரையில் காய்ந்த புல்லை மொத்தமாகப் போட்டு நனைந்ததை தினமும் அள்ளுங்கள். கன்றின் முதுகில் உலர்ந்த சாக்கைக் கட்டிவிடுங்கள், காலையில் ஈரமாக இருந்தால் கழற்றி வெயிலில் போடுங்கள். மடியைக் கழுவினால் துணியால் ஒற்றி நன்றாக உலர்த்தாமல் வெளியே விடக் கூடாது, காம்பு வெடித்துவிடும். தடவத் தேங்காய் எண்ணெய் போதும், 24 டிகிரிக்குக் கீழே உறைவது என்பதால் பாட்டிலை அடுப்பு ஓரத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

காய்கறியில் பீன்ஸும் உருளைக்கிழங்கும் ஒரே இரவில் வெந்தது மாதிரி கருகிவிடும். கோசும் பூண்டும் தாங்கும். பீன்ஸ் போட்டிருந்தால் மதியத்துக்குள் பாத்தியை நனைத்துவிடுங்கள். ஈர மண் பகல் வெயிலைப் பிடித்துவைத்து இரவில் விடும், காய்ந்த மண்ணால் அது முடியாது. சாயங்காலம் வைக்கோலோ தழையோ போட்டு மூடி, வெயில் ஏறினதும் எடுத்துவிடுங்கள். ஊட்டிப் பூங்காவில் பூச்செடிகளை மிலார் தழை வைத்து மூடுவதைப் பார்த்திருக்கிறேன், அதே வேலைதான். ஸ்பிரிங்க்ளர் போடுகிறவர்கள் ஆரம்பித்தால் ஐஸ் முழுதும் உருகும் வரை நிறுத்தக் கூடாது, பாதியில் நிறுத்தினால் போடாத காட்டைவிட மோசமாகிவிடும். கரண்ட் நிச்சயமில்லாத நமக்கு அது சரிவராது.

மறையூர் பெண்

குறுக்கே கேட்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். அக்கா வீடு செண்டுவரையில். காலையில் காஸ் அடுப்பு எரியவே மாட்டேன் என்கிறது, சிலிண்டர் பாதி கனம் இருக்கிறது. இதுவும் குளிரினாலா?

ஊட்டிக்காரி

ஆமாம்மா. சிலிண்டரில் இருக்கும் பியூட்டேன் சுமார் பூஜ்ஜியம் டிகிரிக்கு வந்தால் ஆவியாகாது, அதனால் அழுத்தம் இறங்கிவிடும். வெளியே வைத்திருந்தால் காற்றோட்டமுள்ள உள்பக்கத்துக்கு, தரையில் நேராகப் படாமல் பலகை மேல் மாற்றச் சொல்லுங்கள். நெருப்பில் காட்டவோ சுடுதண்ணீரில் வைக்கவோ கூடவே கூடாது. வெயில் வரும்வரை ஒரு விறகடுப்பு இருந்தால் போதும்.

கொட்டக்கொம்பூர்க்காடு

ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி, குறிப்பாக ஃபிட்டர் அண்ணனுக்கு.

மிதவை வால்வைக் கழற்றினோம். முதல் இரண்டு இரவு பக்கெட் வைத்து அளந்தேன், இப்போது வால்வு கைப்பிடியில் பெயிண்ட்டால் ஒரு கோடு போட்டுவிட்டேன், அம்மாவே சரியாகத் திருகுகிறார். வீட்டு லைனில் கேட் வால்வும் வடிகாலும் வைத்தாயிற்று. ஒரு நாள் அடுப்படிக் குழாயைத் திறக்க மறந்துவிட்டோம், காலையில் பார்த்தால் அந்தத் துண்டில் மட்டும் தண்ணீர் நின்று கட்டியிருந்தது. அக்கா சொன்ன மாதிரி துணி நனைத்து முனையிலிருந்து ஆரம்பித்தோம், இருபது நிமிடத்தில் விட்டது, எதுவும் உடையவில்லை.

முந்தாநாள் கோசு இலை எல்லாம் வெள்ளையாக இருந்தது, வரப்பில் நடந்தால் புல் நொறுங்கும் சத்தம் கேட்டது. டார்ச் எடுத்துக்கொண்டு தொட்டிக்கு ஓடினேன், தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அம்மா குடத்தை எடுக்கவில்லை. மாட்டுக்குச் சுடுதண்ணீர் கலந்து வைத்தோம், பெரிய மாடு நேற்று அரை லிட்டர் கூடக் கறந்தது.

மண் உள்ள இடத்தில் 250 மீட்டர் வரை ஒரு அடி புதைத்துவிட்டோம். பாறை மேல் இருக்கும் 30 அடிக்கு ஞாயிற்றுக்கிழமை மற்ற மூன்று வீட்டு ஆட்களும் வருகிறார்கள், நான்கு ஓஸையும் சேர்த்தே கல் கட்டப் போகிறோம். அண்ணே, நான்கையும் ஒன்றாக அடுக்கி ஒரே மண்ணால் மூடலாமா, இல்லை இடைவெளி விட வேண்டுமா?

செண்டுவரை பழைய ஃபிட்டர்

ஒன்றாகவே வையுங்கள் தம்பி, ஒன்றுக்கொன்று அணைவுதான். ஆனால் எது யாருடையது என்று இரண்டு முனையிலும் வேறு வேறு கலர் கம்பி சுற்றிவிடுங்கள், பின்னால் ஒன்று ஒழுகினால் நான்கையும் தோண்ட வேண்டியிருக்காது.