உதவி: 6 வயசுப் பிள்ளையோட ரேப்பிட்டில ஓட 14 அடிக் கனூவா, 16 அடியா?

ஏஜக்ஸ் அப்பா

எல்லாருக்கும் வணக்கம். நானும் மனிசியும் போன கோடையில ஒன்ராறியோவில மடவாஸ்கா ஆத்தில இருக்கிற பால்மர் ரேப்பிட்ஸில கனூ வகுப்பு எடுத்தனாங்கள். முழங்காலில இருந்து துடுப்புப் போடுறது, எடிக்குள்ள, அதாவது கல்லுக்குப் பின்னால நிக்கிற தண்ணிக்குள்ள, திரும்புறது, கரையில நிண்டு தண்ணியை வாசிக்கிறது எல்லாம் ஓரளவுக்குப் பிடிபட்டிட்டுது. ரேப்பிட், அதாவது ஆறு கல்லுக்குள்ளால வேகமாப் பாயிற இடம், எவ்வளவு கஷ்டம் எண்டதை 1இல இருந்து 6 வரைக்கும் கிளாஸ் எண்டு பிரிக்கிறவை. அதில லேசான கிளாஸ் 2 எண்டால் ரெண்டு பேரும் சேர்ந்து ஓடுவம். இந்த முறை மகளையும் கூட்டிக்கொண்டு போக ஆசை. ஆறு வயசு, 20 கிலோ, நீச்சல் பழகுறாள், தண்ணிக்குப் பயமில்லை.

பழைய கனூ ரெண்டு பாத்து வைச்சிருக்கிறன். ஒண்டு டாகர் கப்ஷன், 14 அடி, ரோயலெக்ஸ் (நடுவில நுரை வைச்ச பல அடுக்கு பிளாஸ்டிக்). ரெண்டு சேடில் (ரெண்டு பக்கமும் கால் போட்டு முழங்காலில இருக்கிற இருக்கை), தொடைப் பட்டி, முன்னுக்கும் நடுவிலயும் பின்னுக்கும் தண்ணி ஏறாமல் இடத்தை அடைக்கிற காத்துப் பை, எல்லாம் பூட்டின, ரேப்பிட்டுக்கெண்டே செய்த வைற்வாட்டர் வள்ளம். மற்றது நோவா கிராஃப்ட் ப்ரொஸ்பெக்டர், 16 அடி, அதுவும் ரோயலெக்ஸ்தான். விளிம்பு மரம், சாதாரண சீட், நடுவில தோளில வைச்சுத் தூக்கிற கட்டை, வேற ஒண்டும் இல்லை.

இன்னொரு பிரச்சினையும் இருக்கு. கிராண்ட் ஆத்தில (இதுவும் ஒன்ராறியோதான்) கேம்பிரிட்ஜில இருந்து பரிஸ் பக்கமா வாடகைக் கனூவில மகளை முன்சீட்டில இருத்தி நான் பின்சீட்டில இருந்து ஓடிப் பாத்தன். மூக்கு தண்ணிக்கு மேல எழும்பி நிண்டுது. பக்கக் காத்து அடிச்சால் அப்பிடியே காத்துப் போற பக்கம் இழுபடுது. எடிக்குள்ள திருப்பினால் மூக்கு பூராமல் வழுக்கிக்கொண்டு கீழ போகுது. மனிசியோட ஓடேக்க இப்பிடி நடக்கிறேல்லை. இது அந்த வள்ளத்தின்ர குணமா? கப்ஷன் வாங்கினால் தீருமா?

பிராம்டன் துடுப்பு

யோசிக்காமல் கப்ஷனை எடுங்கோ. அடி நல்லா வளைஞ்ச வள்ளம், சொன்ன உடன திரும்பும், அலையில ஏறி இறங்கும், உள்ளுக்குத் தண்ணி வாறது குறைவு. டாகர் இப்ப கனூ செய்யிறேல்லை, அந்த வடிவத்தைப் பிறகு மாட் ரிவர் பேரில வித்தவை, இப்ப அதுவும் இல்லை. பழசு ஒண்டு ஆம்பிடுறதே பெரிய விசயம். ப்ரொஸ்பெக்டர் நல்ல வள்ளம்தான், ஆனால் அது சாமான் ஏத்திக்கொண்டு முகாமடிக்கப் போற ஆக்களுக்கு.

வள்ளக்காரன்

தம்பி, வள்ளத்தைப் பற்றிக் கதைக்க முதல் ஒண்டு சொல்லுங்கோ. உங்கட எடை என்ன? மூண்டு பேரும் ஒண்டாப் போகப் போறியளா, இல்லாட்டி நீங்களும் மகளும் மட்டுமா?

ஏஜக்ஸ் அப்பா

84 கிலோ அண்ணை. கூடுதலா மூண்டு பேரும் போவம். மனிசிக்கு வேலை இருக்கிற சனிக்கிழமைகளில நானும் மகளும் மட்டும்.

வள்ளக்காரன்

அப்ப விசயம் இதுதான். கிராண்ட் ஆத்தில நீங்கள் கண்டது வள்ளத்தின்ர குணமில்லை, எடை நிண்ட இடம். சாதாரண 16 அடிக் கனூவில பின்சீட் நடுவில இருந்து ஐஞ்சு அடிக்கு மேல தள்ளி இருக்கும். முன்சீட்டுக்கு முன்னால கால் நீட்ட இடம் விடவேணும், அதால அது நடுவில இருந்து மூண்டு அடி அளவிலதான். பின்னுக்கு 84 கிலோ ஐஞ்சரை அடியில, முன்னுக்கு 20 கிலோ மூண்டு அடியில. பெருக்கிப் பாருங்கோ, 462க்கு 60. மூக்கு எழும்பாமல் என்ன செய்யும்? எழும்பின மூக்கைக் காத்துப் பிடிக்கும். எடிக்குள்ள திரும்புறதுக்கு மூக்கு அந்த நிண்ட தண்ணிக்குள்ள இறங்கிக் கடிக்க வேணும், காத்தில நிக்கிற மூக்கு கடிக்காது. கப்ஷனில இது இன்னும் மோசமாகும். வள்ளம் கட்டை, அடி வளைவு கூட, ஒரு பக்கம் தாண்டால் மற்றப் பக்கம் துள்ளி நிக்கும்.

ஆறு வயசுப் பிள்ளை முன்சீட்டில இருந்தால் அது ரெண்டு பேர் ஓடுற வள்ளமில்லை. ஒரு ஆள் ஓட்டுற வள்ளம், அதில ஒரு பயணி. அப்பிடி நினைச்சுக்கொண்டு தேடினால் விடை தானா வரும்.

உங்கட வள்ளம் மூண்டு வேலை செய்ய வேணும். பெரிய ஆக்கள் ரெண்டு பேரும் ஓட, பிள்ளை நடுவில. நீங்கள் மட்டும் ஓட, பிள்ளை முன்னால. மூண்டாவதை ஒருத்தரும் யோசிக்கிறேல்லை: கரையில நிண்டு பாத்து, இது பிள்ளைக்குச் சரிவராது எண்டு பட்டால், மனிசி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கரைப் பாதையால நடப்பா, நீங்கள் தனிய வள்ளத்தைக் கீழ கொண்டு வருவியள். இந்த மூண்டையும் கப்ஷனில செய்து பாருங்கோ. நடுவில முழுக்கக் காத்துப் பை. பிள்ளை எங்க இருக்கும்? பையைக் கழட்டினால் ரெண்டு சேடிலுக்கும் இடையில ஒடுங்கின ஒரு இடம், சுத்தவரப் பட்டியும் கயிறும். அதுக்குள்ள ஒரு குழந்தையை நான் இருத்த மாட்டன்.

ப்ரொஸ்பெக்டர் முன்னும் பின்னும் ஒரே வடிவம். அதால திருப்பி ஓடலாம். முன்சீட்டில பின்பக்கம் பாத்து இருங்கோ, அப்ப அதுதான் உங்கட பின்சீட். நடுவில இருந்து மூண்டு அடிக்குள்ள வந்திடுவியள், முழங்காலில நிண்டால் இன்னும் கிட்ட. மகளை உங்களுக்கு முன்னால, மற்றப் பக்கத்தில நாலு அடி அளவில இருத்துங்கோ. அவவுக்கும் முன்னால 20 லீற்றர் தண்ணிக் கான் ஒண்டை இறுக்கிக் கட்டுங்கோ. இப்ப ரெண்டு பக்கமும் ஏறத்தாழ ஒண்டாகும். தண்ணி ஏன் எண்டால், கவிண்டால் தண்ணிக்குள்ள தண்ணிக்கு எடையில்லை, வள்ளத்தை அமத்தாது. கல்லோ இரும்போ வைக்க வேண்டாம்.

பிராம்டன் துடுப்பு

அண்ணை, எடைக் கணக்கை ஒத்துக்கொள்ளுறன். ஆனால் நடுவில காத்துப் பை இல்லாமல் 16 அடி வள்ளம் கவிண்டால் நூற்றுக்கணக்கான கிலோ தண்ணி ஏறும். அது கல்லில போய் மாட்டினால் கழட்ட ஏலாது. பிள்ளை பக்கத்தில நீந்துது. இதுதான் என்ர பயம்.

வள்ளக்காரன்

நியாயமான பயம், அதை லேசா எடுக்கக் கூடாது. ரெண்டு முனைக்கும் சீட் வரைக்கும் வாற நீளப் பை போடுங்கோ, மேல கயிற்று வலை கட்டுங்கோ. நடுப்பை அளவுக்கு வராது, ஆனாலும் வள்ளம் உயர மிதக்கும். மிச்சத்தை ஆத்தைத் தெரிவு செய்யிறதாலதான் குறைக்க வேணும். பிள்ளையோட கிளாஸ் 1, அதோட கீழ அகலமான அமைதித் தண்ணி இருக்கிற நேரான கிளாஸ் 2. அவ்வளவுதான். மடவாஸ்காவின்ர நடுப்பகுதியும், 2015 பான் ஆம் கனூப் போட்டி நடந்த, மிண்டன் பக்கத்து கல் (Gull) ஆறும் இந்தக் கதைக்குள்ளயே வராது.

கவிண்டால் யார் என்ன செய்யிறது எண்டு கரையிலயே பேசி வையுங்கோ. மூண்டு பேர் எண்டால் பின்னுக்கு இருக்கிற ஆள்தான் பிள்ளையைப் பாத்துக்கொண்டு இருப்பார், முன்னுக்கு இருக்கிறவருக்கு முதுகுப் பக்கம் தெரியாது. ஆனபடியால் பின்ஆள் பிள்ளையைப் பிடிக்கிறது, முன்ஆள் வள்ளத்தைப் பாக்கிறது. ரெண்டையும் பாக்க ஆள் போதாட்டி வள்ளத்தை விடுங்கோ, போகட்டும். வள்ளத்துக்கு மேல் பக்கம், அதாவது தண்ணி வாற பக்கம் நில்லுங்கோ. வள்ளத்துக்கும் கல்லுக்கும் நடுவில ஒருத்தரும் அகப்படக் கூடாது.

ஒட்டாவா அம்மா

நான் வள்ளத்தைப் பத்தி அதிகம் சொல்ல மாட்டேன், அண்ணா சொன்னது சரிதான். ஆனா ஒரு இடத்துல மாத்துவேன். நீங்களும் பாப்பாவும் மட்டும் போறப்ப அவளை நாலடி தள்ளி உட்கார வைக்காதீங்க. கை நீட்டினா லைஃப் ஜாக்கெட் கழுத்துப் பிடி உங்க கைக்கு வரணும். எடை போதலைன்னா தண்ணி கேனை இன்னொண்ணு சேர்த்துக்கலாம், பாப்பா பக்கத்துலயே இருக்கட்டும். எங்க பையன் ஆறு வயசுல அலை அடிச்சதும் சட்டுன்னு எழுந்து நின்னுட்டான். ஜாக்கெட்டைப் பிடிச்சு உட்கார வெச்சதால ஒண்ணும் ஆகல.

அவளை எதோடயும் கட்டக் கூடாது. தொடைப் பட்டி, இடுப்புப் பட்டி எதுவும் வேண்டாம். மடிச்ச ஃபோம் பாய் மேல, வள்ளத்தோட அடியிலயே உட்காரட்டும். சுத்தி ஒரு கயிறு கூட அவுந்து கிடக்கக் கூடாது.

ஜாக்கெட் வாங்குறப்ப வயசைப் பாக்காதீங்க, உள்ள லேபிள்ல இருக்கிற எடையைப் பாருங்க, ட்ரான்ஸ்போர்ட் கனடா அங்கீகாரம் இருக்கணும். தோள்பட்டையைப் பிடிச்சு மேல தூக்குங்க. காதும் மோவாயும் உள்ள போச்சுன்னா அது பெருசு. கால் நடுவுல போற பட்டி கட்டாயம் வேணும். காத்து நிரப்புற ரக ஜாக்கெட் 16 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு அனுமதி கிடையாது, ரேப்பிட்ல யாருக்குமே கிடையாது. சைக்கிள் ஹெல்மெட் சரிப்படாது, ஆத்துக்குன்னு இருக்கிற ஹெல்மெட்டா வாங்குங்க.

அப்புறம் குளிர். மே மாசம் வெயில் அடிக்கும், ஆறு பனி உருகின தண்ணி. இருபது கிலோ உடம்பு நம்மளை விடச் சீக்கிரம் சூட்டை விட்டுடும். ஜூலை வரைக்கும் பொறுங்க. மடவாஸ்காவுக்கு பார்க் லேக் அணையில இருந்து தண்ணி விடுறதால கோடையிலயும் ஓட்டம் இருக்கும், அவசரப்படத் தேவையில்லை. ஜூலையிலயும் வெட்சூட் போடுங்க. உதடு நிறம் மாறினாலோ, பேசிக்கிட்டே வந்த பிள்ளை சட்டுன்னு அமைதியானாலோ கரையேறிடுங்க.

வள்ளக்காரன்

அக்கா சொன்னதை அப்பிடியே எடுங்கோ தம்பி. நாலு அடி எண்டு நான் எழுதினது கணக்குக்கு மட்டும். கைக்கு எட்டுற தூரம்தான் முதல்.

கிராண்டில ஓடேக்க இன்னொண்டு. பரிஸில பென்மன் அணை இருக்கு. பதிஞ்ச அணை, மேல இருந்து பாத்தால் ஆறு வழுவழுவெண்டு தெரியும். கீழ சுத்துற தண்ணி ஆளை வெளியால விடாது. கன தூரத்துக்கு முன்னமே கரையேறி வள்ளத்தைத் தூக்கிக்கொண்டு போங்கோ.

ஏஜக்ஸ் அப்பா

அண்ணை, அக்கா, ரெண்டு பேருக்கும் நன்றி. கப்ஷனை விட்டிட்டன். ப்ரொஸ்பெக்டரைப் பாத்திட்டு வாறன். விளிம்பு மரத்துக்குக் கீழ ஒரு ஸ்க்ரூ இருக்கிற இடத்தில இருந்து விரல் நீளத்துக்கு வெடிப்பு ஒண்டு கீழ இறங்குது. முன் மூக்கிலயும் பின் மூக்கிலயும் பச்சை நிறம் தேய்ஞ்சு உள்ளுக்கு வேற நிறம் தெரியுது. விக்கிறவர் அது சின்ன விசயம் எண்டுறார்.

வள்ளக்காரன்

அந்த வெடிப்பு எங்கட குளிர் செய்யிறது. குளிரில ரோயலெக்ஸ் சுருங்கிற அளவுக்கு மரம் சுருங்காது. ஸ்க்ரூ இறுகி நிக்கும், ரோயலெக்ஸ் இழுபட்டு ஓட்டையில இருந்து கிழியும். விரல் நீளம், விளிம்புக்குப் பக்கத்தில எண்டால் முனையில சின்ன ஓட்டை போட்டு நிப்பாட்டி, எப்பொக்சியால மூடலாம். வள்ளத்தைக் கைவிடத் தேவையில்லை, ஆனால் விலையைக் குறைச்சுக் கேளுங்கோ. மாரி தொடங்க முதல் ஸ்க்ரூ எல்லாத்தையும் தளர்த்தி விடுங்கோ, வசந்தத்தில திருப்பி இறுக்கலாம்.

மூக்குத் தேய்வுதான் வடிவாப் பாக்க வேண்டியது. மேல இருக்கிற நிறத்தோல் போய் ஏபிஎஸ் (அதுக்குக் கீழ இருக்கிற கடும் பிளாஸ்டிக்) தெரிஞ்சால் பரவாயில்லை, அந்த இடத்தில காப்புத் தட்டு ஒட்டலாம். நகத்தால அமத்திப் பாருங்கோ. மெத்தையாப் பதிஞ்சு, நுரை மாதிரித் தெரிஞ்சால் விட்டிட்டு வாங்கோ. வள்ளத்தைக் கவிட்டு அடியை உள்ளங்கையால அமத்துங்கோ, திரும்பி வரவேணும். வெயிலுக்க கனகாலம் கிடந்ததெண்டால் நிறம் சுண்ணாம்பா வெளிறியிருக்கும், அப்பிடி எண்டால் வேண்டாம். சீட்டைத் தாங்கிற மரக்கட்டை உக்கியிருக்கோ எண்டும் பாருங்கோ, முழு எடையும் அதிலதான்.

ரோயலெக்ஸ் 2014 ஓட நிண்டுபோச்சு, இனிக் கிடைக்கிறது எல்லாம் பழசுதான். இது சரிவராட்டி கியூபெக்கில செய்யிற எஸ்கிஃபின்ர 16 அடி ப்ரொஸ்பெக்டர் தேடுங்கோ, டி-ஃபோர்மெக்ஸ் எண்ட பொருள், கல்லில அடிபட்டாலும் தாங்கும். ப்ரொஸ்பெக்டர் எண்டு பேர் போட்டு விக்கிற எல்லாம் ஒரே வடிவமில்லை. சிலது அடி தட்டை, குளத்துக்கு நல்லம், பக்க அலைக்குக் கூடாது. அடி மெல்லிசா வளைஞ்சதாப் பாருங்கோ.

ஏஜக்ஸ் அப்பா

நகத்தால அமத்தினன், கல்லுப் போல இருக்கு. அடியும் சரி. விலையும் கொஞ்சம் குறைச்சுத் தந்தார், கொண்டு வந்திட்டன். முன்சீட்டில திரும்பி இருந்து மகளை முன்னால இருத்திக் குளத்தில ஓடிப் பாத்தம். ரெண்டு கானும் கட்டினன். மூக்கு இறங்கி நிக்குது, காத்துக்கு இழுபடேல்லை. கரைக்குப் பக்கத்தில வேணுமெண்டே கவிட்டுப் பழகினம், மகள் இன்னொருக்கா எண்டு கேட்டாள். நடுக்கட்டை முழங்காலுக்கு இடிக்குது, என்ன செய்யலாம்? அதோட அவளுக்கும் துடுப்பு வேணுமாம். குடுக்கலாமா?

வள்ளக்காரன்

நடுக்கட்டையைப் பட்டாம்பூச்சி நட் போட்டுக் கழட்டிப் பூட்டக் கூடியதா மாத்துங்கோ. ஆனால் கழட்டின இடத்தைச் சும்மா விடாதேங்கோ, வள்ளத்தின்ர ரெண்டு பக்கமும் விரியும். கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி முழங்கால் கட்டை ஒண்டு போட்டால் அதில சாய்ஞ்சுகொண்டு ஓடலாம், தனிய ஓடேக்கயும் உதவும். கட்டைக்குக் கீழ பாதம் மாட்டாத உயரத்தில பூட்டுங்கோ.

ஒட்டாவா அம்மா

துடுப்பு கண்டிப்பா குடுங்க, இல்லேன்னா உங்க துடுப்பைப் பிடுங்குவா. நிமிர்ந்து உட்கார்ந்து அலகைத் தண்ணியில முக்கினா பிடி அவ மூக்கு உயரம் வர்ற மாதிரி மரத்துடுப்பு, அலகு சின்னதா. அமைதித் தண்ணியில போடட்டும். ரேப்பிட் வர்றதுக்கு முன்னாடி நீங்க ஒரு வார்த்தை சொன்னதும் துடுப்பை உள்ள வெச்சுட்டு ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சுக்கணும், அதைக் குளத்துலயே பழக்குங்க. எங்க வீட்டுல அந்த வார்த்தை "பிடி".