பாலைநிலத்தில் கண்ட கள்ளிகள்: இது இளம் சவாரோவா, வேறு இனமா?

ஊவாச் சாரல் (பண்டாரவளை):

அனைவருக்கும் வணக்கம். கடந்த டிசெம்பர் பாடசாலை விடுமுறையில், மகனைப் பார்ப்பதற்காக அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள டூசான் நகருக்குச் சென்றிருந்தேன். நகரை ஒட்டியுள்ள சவாரோ தேசியப் பூங்காவில் இரண்டு நாட்கள் நடந்து பல படங்கள் எடுத்தேன். பத்தாம் தரத்துக்கு விஞ்ஞானம் கற்பிப்பதால், அவற்றைச் சரியான பெயர்களோடு மாணவர்களுக்குக் காட்ட விரும்புகிறேன்.

கைகளை உயர்த்தி நிற்கும் நெடிய சவாரோக் கள்ளியை எவரும் அடையாளம் கண்டுகொள்வர். ஆனால் அதன் அருகே, என் இடுப்பளவு உயரத்தில், பீப்பாய் போலப் பருத்து ஒரு பக்கம் சாய்ந்திருந்த கள்ளியொன்றைக் கண்டேன். அதன் உச்சியில் மஞ்சள் நிறக் காய்கள் வட்டமாக அமர்ந்திருந்தன. அது சவாரோவின் இளம் பருவம் என்றான் மகன். எனக்கு ஐயமாக இருக்கிறது. இன்னொன்று, தொலைவில் பொன்னிறப் பஞ்சு போலத் தெரிந்த புதர். அதன் கணு ஒன்று மகனின் சப்பாத்தில் ஒட்டிக்கொண்டு, கழற்றுவதற்குப் பெரும்பாடு பட்டோம். மூன்றாவது, ஒரே அடியிலிருந்து பிரம்புகளைப் போல எழுந்த முள் கொம்புகளின் கூட்டம். இவற்றின் பெயர்களையும், பெயரை எந்த அடையாளத்தால் தீர்மானிப்பது என்பதையும் அறியத் தருவீர்களா?

தலவாக்கலைக்காரன் (இப்போது பீனிக்ஸ்):

வணக்கம் டீச்சர். உங்கள் ஐயம் சரியானது. அது சவாரோ அல்ல. அந்த மஞ்சள் காய்களே போதிய சான்று. சவாரோ மிக மெதுவாக வளர்வது. அந்தப் பூங்காவிலேயே அளந்து பார்த்ததில், முதல் 8 ஆண்டுகளில் அது 4 சென்ரிமீற்றர்கூட வளர்வதில்லை என்று தெரிந்திருக்கிறது. ஏறத்தாழ 35 வயதில்தான் முதன்முதலாகப் பூக்கும். பக்கக் கைகள் விடுவதற்கு 50 முதல் 70 ஆண்டுகள் செல்லும், மழை குறைந்த இடங்களில் 100 ஆண்டுகளும் ஆகலாம். ஆகவே இடுப்பளவே உயர்ந்த இளம் சவாரோ ஒன்று காய்த்து நிற்பது இயல்பன்று. மேலும் சவாரோ பூப்பது மே, ஜூன் மாதங்களில்; அதன் பழம் கோடையின் தொடக்கத்திலேயே வெடித்துச் சிவந்த சதையைக் காட்டிவிடும். பீப்பாய்க் கள்ளியின் மஞ்சள் காய்களோ குளிர்காலம் முழுவதும் உச்சியிலேயே தங்கியிருக்கும். அது தெற்கு நோக்கிச் சாய்வதால் இங்குள்ளவர்கள் அதைத் திசைகாட்டிக் கள்ளி என்றும் சொல்வார்கள். உங்களுடையதும் சாய்ந்திருந்ததால், ஃபெரோகாக்டஸ் விஸ்லிசெனி என்றே எழுதலாம்.

பொன்னிறப் புதர் சோயா (cholla) என்னும் கள்ளி வகை; நாம் உண்ணும் சோயா அவரை அல்ல. கணு தானாகப் பாய்ந்து ஒட்டும் என்பது நம்பிக்கை மாத்திரமே. அதன் முள்நுனியில் பின்னோக்கி அமைந்த நுண்ணிய செதில்கள் இருப்பதால், இலேசாக உரசினாலும் பற்றிக்கொள்ளும். கணுவும் எளிதில் கழன்று வரும். விழுந்த கணு வேர்விட்டுப் புதுச் செடியாகும் என்பதால், கடந்து செல்லும் விலங்கின் உடலே அதற்கு வாகனம். அடுத்த முறை நடக்கும்போது ஒரு சீப்பைக் கைவசம் வைத்திருங்கள். கையால் தொடாமல் அதைக் கொடுத்து நெம்பி எடுக்கலாம்.

பேராதனை வழிப்போக்கன்:

தம்பி சொன்னவற்றுள் ஒன்றை மட்டும் திருத்த விரும்புகிறேன். சாய்வை வைத்து இனத்தைத் தீர்மானிக்கக் கூடாது. சரிவும் மண்ணரிப்பும் எந்தக் கள்ளியையும் சாய்த்துவிடும். படத்தைப் பெரிதாக்கி, நடுவிலுள்ள தடித்த முள்ளைப் பாருங்கள். அது தூண்டில் போல வளைந்திருந்தால்தான் அந்தப் பெயர் உறுதியாகும். சவாரோவின் முட்களில் அத்தகைய கொக்கி இராது. செடி நின்ற இடத்தையும் கவனியுங்கள்: இளம் சவாரோ பெரும்பாலும் பாலோ வெர்டே போன்ற மரத்தின் அடியில்தான் பிழைத்து வளரும். நாம் தேயிலைக்கு நிழல் மரம் வைக்கிறோம். அங்கே வெயிலிலிருந்தும் உறைபனியிலிருந்தும் காக்கும் அந்த வேலையை இயற்கையே செய்கிறது.

டீச்சரின் மூன்றாவது செடி கள்ளியே அல்ல. அது ஒகோட்டியோ, ஃபூக்கியேரியா என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. மழை பெய்தால் கொம்பு முழுவதும் சிறு இலைகள் துளிர்க்கும், ஈரம் வற்றியதும் உதிரும். அதன் முள் இலைக்காம்பிலிருந்து உருவாவது. கள்ளியிலோ, முட்கள் ஏரியோல் எனப்படும் சிறு மெத்தை போன்ற திட்டிலிருந்து கொத்தாக எழும். முள்ளைப் பார்ப்பதற்கு முன் முள் எழும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்று மாணவர்களிடம் சொல்லுங்கள். நம் வறண்ட வலயத்துச் சதுரக்கள்ளியில் அந்தத் திட்டு இல்லை, கீறினால் பால் வடியும். பெயரில் கள்ளி இருந்தாலும் அது ஆமணக்கின் குடும்பம். (அந்தப் பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளவும்.) அம்பாந்தோட்டைப் பக்கம் காடாகப் பரவியிருக்கும் நாகதாளியோ உண்மையான கள்ளி, ஆயினும் அமெரிக்காவிலிருந்து வந்தது.

இன்னுமொன்று. அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே இயற்கையாக வளரும் ஒரே கள்ளி இனமான ரிப்சாலிஸ் பக்சிபெரா நம் மலைநாட்டில் இருக்கிறது. ஈரமான காட்டு மரங்களிலும் பாறைகளிலும் பென்சில் பருமனான பச்சைத் தண்டுகளாகத் தொங்கும். முற்றிய தண்டில் முள் ஏறத்தாழ இராது, வெண்மணிகள் போலப் பழம் இருக்கும். ஆபிரிக்காவிலும் மடகஸ்காரிலும்கூட அது உண்டு. பாலையைக் காட்டும் பாடத்தில் இதையும் சேர்த்தால், கள்ளி என்றாலே வறட்சி என்ற எண்ணம் மாணவர்களிடம் வேரூன்றாது.

ஊவாச் சாரல்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்; பீப்பாயின் நடுமுள் தெளிவாக வளைந்திருக்கிறது, மேலே நிழல் தரும் மரமும் இல்லை. சோயாவில் எத்தனை இனங்கள் என்று தேடியபோது குழப்பமே மிஞ்சியது. படத்தில் அடித்தண்டு கருமையாகவும், மேற்பகுதி அடர்ந்த வெளிர்பொன் முட்களாகவும் இருக்கின்றன.

தலவாக்கலைக்காரன்:

அண்ணன் சொன்ன திருத்தம் சரி, ஏற்றுக்கொள்கிறேன். சோயாவைப் பொறுத்தவரை, காய்கள் ஒன்றின் நுனியில் ஒன்றாகச் சங்கிலி போலத் தொங்குகின்றனவா என்று பாருங்கள், டீச்சர். தொங்கினால் அது சிலிண்ட்ரோபுன்டியா ஃபுல்ஜிடா. அவ்வாறு இல்லையென்றால், நீங்கள் சொல்லும் கருந்தண்டும் அடர்ந்த முட்களும் பிகிலோவி இனத்துக்கே பொருந்துகின்றன.

ஊவாச் சாரல்:

சங்கிலி எதுவும் இல்லை. எனவே பிகிலோவி என்றே எழுதுகிறேன். பாறை இடுக்கில் கொத்தாக நின்ற சிறு கள்ளி ஒன்றின் படமும் இருக்கிறது. அதில் பூவும் இல்லை, முள் எழும் திட்டும் தெளிவாக விழவில்லை.

பேராதனை வழிப்போக்கன்:

அதற்கு இனப்பெயர் வேண்டாம். "கள்ளிக் குடும்பம், பெயர் தீர்மானிக்கப்படவில்லை" என்று எழுதி, எடுத்த இடத்தையும் நாளையும் குறித்து வையுங்கள். மகன் சித்திரை, வைகாசியில் அதே பாறைக்குப் போய்ப் பூவைப் படம்பிடித்து அனுப்பினால், இங்கேயே தொடர்ந்து பார்ப்போம்.