வீட்டில் கண்ணாடி மணி செய்கிறவர்களே, சிலிண்டரை எங்கே நிறுத்தியிருக்கிறீர்கள்?

செட்ஸ்வொர்த், டர்பன்

சின்ன கேஸ் கேனை விட்டுப் பெரிய சிலிண்டருக்கு மாறலாமா என்று நம்மில் பலர் கேட்கிறார்கள். தாராளமாக மாறலாம். நான் மாறி வருஷக்கணக்காகிறது. கேன் கேஸில் கண்ணாடிக் குச்சியை உருக்கி, கோர்க்கிற மணியாகச் சுற்றுவது கட்டுப்படியாகாது. நேரம் ஆக ஆக கேன் குளிர்ந்து ஜ்வாலையும் சோர்ந்துவிடும். ஆனால் மாறப்போகிறவர்கள் எல்லாரும் கண்ணாடியை உருக்குகிற கேஸ் டார்ச்சைப் பற்றியே விசாரிக்கிறார்கள். எந்த கம்பெனி, அதிகச் சூட்டில்தான் இளகும் போரோ கண்ணாடி உருகுமா, ஆக்சிஜன் எவ்வளவு வேண்டும் என்று. சிலிண்டர் எங்கே இருக்கப்போகிறது என்று நான் கேட்டால், "அங்கேயேதான், மேஜைக்கு அடியில்" என்கிறார்கள். அதற்காகத்தான் இந்தப் பதிவு. உங்களுக்கு நேர்ந்ததையும் கீழே எழுதுங்கள்.

"சமையலறையில் இருக்கிற அதே கேஸ்தானே" என்பது நான் அடிக்கடி கேட்கும் பேச்சு. கேஸ் அதேதான். இங்கே நமக்குக் கிடைப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த எல்பி கேஸ். ஆனால் அடுப்புக்குப் போகிற அழுத்தம் 2.8 கிலோபாஸ்கல். மேஜை டார்ச்சுகள் பல 35 கிலோபாஸ்கல் வாக்கில் ஓடுகின்றன. பத்து மடங்குக்கும் மேல். ஓர் இணைப்பு லேசாகத் தளர்ந்திருந்தால் அடுப்பில் கசிவதைவிட இங்கே எத்தனையோ அதிகமாகக் கசியும். கசிகிற கேஸ் மேலே போகாது. புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். தரையோடு ஊர்ந்து பள்ளமான இடமாகப் பார்த்துத் தேங்கும். காற்றில் 2 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். எரிகிற ஜ்வாலை கண்ணுக்கு எதிரே இருக்கிறது, அதை நாம் பார்த்துக்கொள்வோம். காலடியில் தேங்குவது நம் கண்ணில் படாது.

எங்கள் வீடு அறுபதுகளில் கட்டிய ஒட்டு வீடு, பக்கத்து வீட்டோடு ஒரே சுவர். பின்கட்டில் முன்பு துணி துவைத்துக்கொண்டிருந்த அறைதான் என் பட்டறை. தரை நடுவில் தண்ணீர் போகும் துளை அப்படியே இருந்தது. சிலிண்டரை வெளியே வைத்தால் திருடு போய்விடும், உள்ளேயே ஒரு மூலையில் வைக்கலாம் என்றார் என் கணவர். அந்தப் பயத்தைக் குறை சொல்ல முடியாது, நம் ஏரியா நமக்குத் தெரியும். அதற்குள் மாமியார் குறுக்கே வந்துவிட்டார். 2022 டிசம்பர் 24 அன்று பாக்ஸ்பர்க்கில் கேஸ் டேங்கர் லாரி பாலத்தடியில் சிக்கி வெடித்து 41 பேர் இறந்ததை டிவியில் பார்த்ததிலிருந்து கேஸ் என்ற பேச்சை எடுத்தாலே அவர் முகம் மாறிவிடும். "வீட்டுக்குள்ளே வைக்கறதுன்னா இந்தத் தொழிலே வேண்டாம்மா" என்றார். டேங்கரும் நம் சிலிண்டரும் ஒன்றல்ல. ஆனாலும் அவர் சொன்ன முடிவு சரிதான்.

பதிவு பெற்ற கேஸ் இன்ஸ்டாலர் ஒருவரைக் கூப்பிட்டோம். அடுப்பும் கீசரும் மாட்டுகிறவர்; மணி செய்யும் டார்ச்சை அன்றுதான் முதன்முதலில் பார்க்கிறாராம். நான் ஆசையாக டார்ச்சை எடுத்துக் காட்டுகிறேன், அவர் குனிந்து தரைத் துளையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அப்புறம் டேப்பை எடுத்து வெளியே போனார். கதவு ஜன்னலிலிருந்து பக்கவாட்டில் 1 மீட்டர், சாக்கடைத் துளையிலிருந்து 2 மீட்டர், ஜன்னலுக்கு நேர் கீழே கூடாது, காம்பவுண்டு சுவருக்கும் ஒரு கணக்கு. எல்லாம் சான்ஸ் 10087 என்ற தென்னாப்பிரிக்க எல்பி கேஸ் தர விதியில் இருப்பவை. எங்கள் குறுகலான கொல்லையில் இவை அத்தனையும் பொருந்திய இடம் ஒன்றே ஒன்றுதான், எலுமிச்சை மரத்துக்குப் பக்கத்தில். அங்கே காங்கிரீட் தளம் போட்டு, கம்பிக் கூண்டு வைத்துப் பூட்டு போட்டோம். காற்று நன்றாகப் போகிறது, திருடனும் தூக்கிக்கொண்டு போக முடியாது. சுவர் வழியாகச் செப்புக் குழாய் உள்ளே வந்து, என் இடது கை எட்டும் தூரத்தில் ஒரு திறப்பில் (வால்வில்) முடிகிறது. தரைத் துளையைச் சிமென்ட் வைத்து அடைத்தாயிற்று.

சான்றிதழை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். 2009 அழுத்தக் கருவி விதிமுறைகளின்படி கேஸ் இணைப்புக்கு அது கட்டாயம். வீட்டை விற்கும்போதும் கேட்பார்கள். அது இல்லாமல் ஏதாவது நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் கையை விரிக்க ஒரு சாக்கு கிடைத்துவிடும்.

ஒவ்வொரு முறை சிலிண்டர் மாற்றும்போதும் நான் செய்வது: ஒரு கிண்ணத்தில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கெட்டியாகக் கரைத்து, பழைய பெயிண்ட் பிரஷால் ஒவ்வொரு இணைப்பிலும் தடவுவேன். தடவிவிட்டு உடனே நகரக் கூடாது. பெரிய கசிவு உடனே புஸ்ஸென்று நுரைத்துக் காட்டிவிடும். சின்னக் கசிவு அப்படியில்லை. மரையின் ஓரத்தில் கடுகளவு ஒரு குமிழி வரும், நிற்கும், மெல்லப் பெருக்கும், உடையும், அதே இடத்தில் இன்னொன்று வரும். பொறுமையாகப் பார்த்தால்தான் தெரியும். சிலிண்டர் வால்வில் மாட்டுகிற புல்நோஸ் இணைப்பின் மரை எதிர்த்திசையில் இருக்கிறது. வழக்கமாகக் கழற்றுகிற பக்கம் திருப்பினால்தான் இறுகும். முனையில் உள்ள ரப்பர் வளையத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். வெடித்திருந்தால் அந்தச் சிலிண்டரைத் திறக்கவே வேண்டாம், வளையத்தை மாற்றுங்கள்.

பற்றவைக்கும்போது முதலில் கேஸ், பிறகு ஆக்சிஜன். அணைக்கும்போது முதலில் ஆக்சிஜன், கடைசியில் கேஸ். வேலை முடிந்த பிறகு வெளியே சிலிண்டரை மூடிவிட்டு, குழாயில் மிச்சமிருப்பதை எரித்துத் தீர்த்துவிட்டு, அதற்கப்புறம்தான் டார்ச் குமிழை மூடுவேன். இரவு மாமியார் "மூடிட்டியாம்மா?" என்று கேட்பார். மூடிவிட்டேன் என்று சொன்னாலும் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு கூண்டு வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் படுப்பார். போகட்டும் என்று நானும் விட்டுவிடுகிறேன். இரண்டு பேர் பார்ப்பது நல்லதுதான்.

ஃபீனிக்ஸ், டர்பன்

அக்கா, கரண்ட் போகும்போது என்ன நடக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என்னிடம் இருப்பது பழைய ஆஸ்பத்திரி ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர், காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கரண்ட் மெஷின், நிமிஷத்துக்கு 5 லிட்டர். 2023இல் லோட் ஷெடிங், அதாவது முறைவைத்துக் கரண்டை நிறுத்துவது, நிலை 6 வரை போனது நினைவிருக்கும். அட்டவணை கையில் இருந்தாலும் சில நாட்களில் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே கரண்ட் போய்விடும். ஒருநாள் நீல மணி ஒன்றைச் சுற்றிக்கொண்டிருந்தேன். விளக்கு, மேலே ஓடிய எக்ஸாஸ்ட் ஃபேன், கான்சென்ட்ரேட்டர், பக்கத்தில் சூளை, எல்லாம் ஒரே நொடியில் நின்றன. டார்ச் மட்டும் நிற்கவில்லை! சீறிக்கொண்டிருந்த நீல முனைகள் போய், முழம் நீளத்துக்கு மஞ்சள் நாக்கு எழுந்தது. நுனியிலிருந்து கரி நூல் நூலாகக் கிளம்பி முகத்துக்கு நேரே மிதந்தது. மணி சாம்பல் பூத்துவிட்டது.

அந்த நேரத்தில் மனம் மணியைக் காப்பாற்றத்தான் பார்க்கும். செய்யவே கூடாது. ஃபேன் நின்ற அறையில் அப்படி எரிய விட்டால் கார்பன் மோனாக்சைடு சேரும். இன்னொன்றும் உண்டு. ஆக்சிஜன் பக்கம் அழுத்தம் விழுந்துவிட்டது, கேஸ் பக்கம் அப்படியே இருக்கிறது. சில டார்ச்சுகளில் கேஸ் ஆக்சிஜன் குழாய்க்குள் ஏறிவிட வாய்ப்புண்டு. இரண்டு குழாயிலும் திரும்பி வராமல் தடுக்கும் வால்வும், ஜ்வாலை பின்னால் ஓடாமல் தடுக்கும் அரெஸ்டரும் மாட்டச் சொல்வது இதற்குத்தான். என்னிடம் இரண்டும் இருந்தன. ஆக்சிஜனை மூடி, கேஸை மூடி, சுவர்த் திறப்பையும் மூடிவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டேன்.

இப்போது லோட் ஷெடிங் பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது என்றாலும் கேபிள் திருட்டு, டிரான்ஸ்ஃபார்மர் பழுது என்று கரண்ட் போகத்தான் செய்கிறது. பேட்டரி விளக்கு ஒன்றை மேஜைக்கு மேலே மாட்டியிருக்கிறேன், கரண்ட் போனால் தானாக எரியும். இருட்டில் எந்தக் குமிழ் எது என்று தடவிக்கொண்டிருக்க முடியாது.

லெனேசியா, ஜோகன்னஸ்பர்க்

டர்பன்காரர்களுக்கு இந்தத் தொல்லை இருக்காது. எங்களுக்கு ஜூலை காலையில் சில நாள் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். 9 கிலோ சிலிண்டரில் பெரிய டார்ச்சை ஓட்டினால், உள்ளே திரவம் ஆவியாகும்போது சிலிண்டரின் சூட்டையே உறிஞ்சிக்கொள்ளும். வெளிப்பக்கம் வெள்ளையாக உறைபனி படியும், அழுத்தம் இறங்கிவிடும். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் அது முந்திக்கொண்டு போகிறது. பியூட்டேன் மைனஸ் அரை டிகிரிக்கு மேலேதான் கொதிக்கும் என்பதால் குளிரில் அடியில் தங்கிவிடுகிறது. ஆட்டிப் பார்த்தால் கேஸ் இருக்கிறது, டார்ச்சுக்கு வருவதில்லை.

அதற்காகச் சிலிண்டருக்குக் கம்பளி போர்த்துவது, வென்னீர் ஊற்றுவது, ஹீட்டரைப் பக்கத்தில் வைப்பது என்று யோசனை சொல்லாதவர்கள் கிடையாது. எனக்குத் தெரிந்த ஒருவர் ஹேர் டிரையரே பிடித்தார். சூடு காட்டவே வேண்டாம். கம்பளி போர்த்தினால் வெளிக்காற்றின் சூடும் உள்ளே போகாது, இன்னும் குளிரும். நான் 19 கிலோவுக்கு மாறினேன். திரவம் அதிகம், இரும்புப் பரப்பும் அதிகம், அதனால் பனி படிவது வெகுவாகக் குறைந்தது. குளிர்காலத்தில் மதியத்துக்கு மேல்தான் உட்காருகிறேன்.

டோங்காட்

நான் மணி செய்கிறவன் இல்லை. பரம்பரை பொற்கொல்லர் வேலை, பற்றவைப்பு டார்ச் எங்களுக்கும் உண்டு. எங்கள் சித்தப்பா கராஜில் உட்கார்ந்துதான் வேலை செய்வார், சிலிண்டரும் அங்கேயே. ஒரு சாயங்காலம் கிடுக்கி கீழே விழ, எடுக்கக் குனிந்தார். முழங்கால் உயரத்துக்கு முகம் போனதும்தான் வாடை அடித்தது. நிமிர்ந்தால் ஒன்றும் இல்லை. ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த மனிதருக்கு அவ்வளவு நேரமும் தெரியவில்லை.

நல்ல வேளையாக டார்ச் அப்போது எரியவில்லை. அவர் லைட் சுவிட்சைத் தொடவில்லை, போடவும் இல்லை அணைக்கவும் இல்லை. சிலிண்டரைக் கையால் மூடிவிட்டு, கராஜ் கதவை மோட்டாரில் திறக்காமல் பக்கக் கதவு வழியாக வெளியே வந்து, எல்லாரையும் ரோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மெயின் ஸ்விட்ச் வீட்டு முன்பக்கம் இருந்ததால் அங்கே போய் அணைத்தார்கள். அதற்குப் பிறகுதான் எங்களுக்கு நினைவு வந்தது: அதே கராஜில் டீப் ஃப்ரீசர். நம் வீடுகளில் பாதி, கறி ஃப்ரீசரைக் கராஜில்தான் வைத்திருக்கும். அதன் தெர்மோஸ்டாட் யாரும் தொடாமலே அவ்வப்போது தானாகப் போட்டு அணைக்கும், அந்தப் பொறியே போதும். கசிவுக்குக் காரணம் செட்ஸ்வொர்த் அக்கா சொன்ன அந்த ரப்பர் வளையம்தான். சிலிண்டர் இப்போது வெளியே நிற்கிறது.

செட்ஸ்வொர்த், டர்பன்

தம்பி, சித்தப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லையே, அது போதும். ஃப்ரீசர் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, பட்டறையில் தானாக ஓடுகிற சாமான் என்னென்ன என்று எல்லாரும் ஒரு தடவை எண்ணிப் பாருங்கள்.

தனியே கேட்டவர்களுக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். ஆக்சிஜன் இல்லாமல் கேஸில் மட்டும் ஓடும் ஹாட் ஹெட் டார்ச் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. அதற்குச் சிலிண்டரின் முழு அழுத்தமும் வேண்டும். அடுப்பு ரெகுலேட்டரை மாட்டினால் ஜ்வாலை உப்புச்சப்பில்லாமல் இருக்கும், அதனால் பலர் நேரே ஹோஸ் மாட்டிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் சிலிண்டரின் முழு அழுத்தமும் உங்கள் காலடி வழியாக ஓடுகிறது, டர்பன் கோடையில் அது பல பார் (ஒரு பார் என்பது 100 கிலோபாஸ்கல்). அடுப்பு டியூபுக்கு அது தாங்காது. உயர் அழுத்த எல்பி கேஸுக்கென்றே முத்திரை போட்ட ஹோஸ் வாங்குங்கள். அசிட்டிலீன் ஹோஸ் வேண்டாம், நாளாக ஆக உள்ளே அரித்துவிடும். எந்த ஹோஸானாலும் மேஜையின் பின்பக்கமாகக் கொண்டுவாருங்கள். கண்ணாடிக் குச்சி சட்டென்று சூடேறினால் தெறிக்கும், சிவந்த துண்டு கீழே விழும் இடத்தில் ஹோஸ் கிடக்கக் கூடாது. ஆக்சிஜன் பக்க இணைப்புகளில் எண்ணெய், கிரீஸ் எதுவும் படக் கூடாது, தானாகவே தீப்பிடிக்கக்கூடும்.

மலிவாகக் கிடைக்கிறது என்று பெரிய சிலிண்டரிலிருந்து சின்னதுக்கு மாற்றித் தருகிற இடங்களில் நிரப்பாதீர்கள். சிலிண்டரில் 80 சதவீதம்தான் திரவம் இருக்க வேண்டும், மிச்சம் வெயிலில் விரிவடைய இடம். கண்ணளவில் நிரப்புகிறவருக்கு அந்தக் கணக்கு கிடையாது.

கேஸ் சென்சார் எங்கே மாட்டுவது என்று கேட்ட ஃபீனிக்ஸ் தங்கச்சிக்கு: தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், சுவர்த் திறப்பு இருக்கிற பக்கமாக. கார்பன் மோனாக்சைடு சென்சார் வேறு சாமான், ஒன்று இன்னொன்றின் வேலையைச் செய்யாது. அதை நீங்கள் உட்கார்ந்து மூச்சு விடுகிற உயரத்தில் மாட்டுங்கள். கரண்ட் போனாலும் பேட்டரியில் ஓடுகிறதாகப் பார்த்து வாங்குங்கள். வாங்கும்போது பெட்டியில் எல்பி கேஸ் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். காற்றைவிட லேசான மீத்தேனுக்கு என்று வருவதும் உண்டு, அதைக் கூரையோரமாக மாட்டச் சொல்லியிருப்பார்கள்.