470 டபுள் ரைஃபிள்: தோள்ல போட்டு நடக்கும்போது சேஃப்டி தானா முன்னாடி போயிடுது, யாராச்சும் சொல்லுங்க

லுவாங்வா_நடை:
வணக்கம். சாம்பியால லுவாங்வா பள்ளத்தாக்குல கேப் எருமை வேட்டைக்கு வந்திருக்கேன், லைசென்ஸ் எல்லாம் இருக்கு, பிஎச் (ப்ரொஃபஷனல் ஹண்டர், வேட்டைக்கு வழிகாட்டுறவர்) கூடத்தான் நடக்குறேன். என்கிட்ட இருக்கிறது பழைய பாக்ஸ்லாக் டபுள், அதாவது பக்கத்துல பக்கத்துல ரெண்டு குழல் இருக்கிற, மடிச்சுத் திறக்கிற ரைஃபிள், தோட்டா 470 நைட்ரோ எக்ஸ்பிரஸ், கிட்டத்தட்ட 5 கிலோ. வரிசை என்னன்னா முன்னாடி ட்ராக்கர், அடுத்து பிஎச், மூணாவது நான், எனக்குப் பின்னாடி வனவிலங்கு போலீஸ்காரர். இங்க எல்லாரும் தூக்குற மாதிரியே நானும் ரைஃபிள கவுத்து வலது தோள்ல போட்டு, குழல் முன்பக்கம், கட்டை பின்பக்கம், குழலை கையால பிடிச்சுக்கிட்டு நடந்தேன். மோபேன் மரக் காட்டுல கண்ணு மூக்குன்னு அந்த குட்டி ஈ மொய்க்குது, இன்னொரு கை அத ஓட்டவே சரியா இருக்கு.

நேத்து மூணு மணி நேரம் நடந்துட்டு தண்ணி குடிக்க நின்னப்போ பாத்தா சேஃப்டி (வெடிக்காம தடுக்கிற பட்டன்) ஃபயர் பக்கம், அதாவது சுடுற நிலைக்கு போயிருக்கு. ரெண்டு குழல்லயும் தோட்டா. நான் கை வைக்கவே இல்ல. எவ்வளவு நேரமா அப்படி இருந்துச்சுன்னே தெரியல, குழல் முனை பிஎச் முதுகுக்கு நேரா இருந்திருக்கு. ராத்திரி பூரா தூக்கம் வரல. இன்னும் யார்கிட்டயும் சொல்லல. துப்பாக்கில கோளாறா, இல்ல நான் தூக்குற விதம் தப்பா?

பழைய_இரும்பு:
தம்பி, முதல்ல பிஎச் கிட்ட இன்னைக்கே சொல்லிடுங்க. காலைல கிளம்புறதுக்கு முன்னாடி சொல்லணும். அந்த முதுகு அவரோடது, அவருக்குத் தெரிஞ்சே ஆகணும்.

ரெண்டாவது, சேஃப்டி சரியா நின்னிருந்தாலும் நீங்க நினைக்கிற அளவுக்கு அது காப்பாத்தாது. பாக்ஸ்லாக்ன்றது, அதாவது சுடுற பாகம் எல்லாம் நடுப்பெட்டிக்குள்ள இருக்கிறது, 1875ல ஆன்சனும் டீலியும் பேடன்ட் வாங்கின அமைப்பு, பெரும்பாலான பாக்ஸ்லாக்ல சேஃப்டி ட்ரிகர மட்டும்தான் தடுக்கும். துப்பாக்கிய திறந்து மூடினாலே உள்ள ரெண்டு ஹேமரும் ஏறி நிக்கும், அத பிடிச்சு வச்சிருக்கிறது சியர்னு சொல்ற கொக்கியோட சின்ன முனை. கால் தடுக்கி ரைஃபிள் கல்லுல மோதுனா அந்த முனை நழுவலாம், அப்போ சேஃப்டி எந்தப் பக்கம் இருந்தாலும் வெடிக்கும். நல்ல சைடுலாக்ல (அதே பாகம் பக்கத் தகட்டுல இருக்கிற வகை) இத நிறுத்த தனியா இன்டர்செப்டிங் சியர்னு ரெண்டாவது கொக்கி இருக்கும். கிரீகாஃப் கம்பெனி ரைஃபிள் மாதிரி சிலதுல கட்டைவிரலால தள்ளினாத்தான் ஸ்பிரிங்கே ஏறும். உங்களோடதுல ரெண்டும் இருக்காதுன்னு நினைக்கிறேன். 470 குண்டு 32 கிராம், அதுலயும் சாலிட்னா (விரியாத கெட்டி குண்டு) எருமையவே துளைச்சுட்டு அந்தப் பக்கம் போற சாமான், மனுஷ முதுக யோசிச்சுப் பாருங்க.

குழல்_கடை:
ஒரு கேள்வி, முதுகுல பை மாட்டியிருந்தீங்களா?

லுவாங்வா_நடை:
ஆமா, தண்ணிப்பை. ரெண்டு தோள்லயும் பட்டை.

குழல்_கடை:
அப்போ அதுதான். கவுத்துப் போட்டா சேஃப்டி பட்டன் கீழ பாத்து அந்தப் பட்டை மேலயே உக்காருது. நடக்க நடக்க ரைஃபிள் முன்பக்கம் சரியும், நீங்க பின்னாடி தள்ளி ஏத்திக்குவீங்க. ரைஃபிள் பின்னாடி போகுது, பட்டை நின்ன இடத்துலயே நிக்குது, அதனால பட்டன் குழல் பக்கமா இழுபடுது, அதாவது ஃபயர் பக்கம். ரைஃபிள காலி பண்ணி ரெண்டு பேரா செக் பண்ணிட்டு அதே பைய மாட்டி தள்ளிப் பாருங்க. பட்டன் லேசா நகந்தா உள்ள இருக்கிற ஸ்பிரிங்கும் தளர்ந்திருக்கும். அத கேம்ப்ல கழட்டாதீங்க, கன்ஸ்மித் கிட்டதான் போகணும்.

ஒத்தையடி:
தோட்டா போடாம நடன்னு எல்லாரும் ஈசியா சொல்றாங்க, ஆனா புதருக்குள்ள இருந்து 15 மீட்டர்ல எருமை எழுந்துச்சுன்னா என்ன பண்றது, டபுள் வாங்குறதே அந்த நேரத்துக்குத்தானே?

பழைய_இரும்பு:
நியாயமான கேள்வி. ஆனா அந்த நேரத்துக்கு முன்னாடி பிஎச் லோடு பண்ணின ரைஃபிளோட நிக்கிறாரு, அதான் அவர் வேலை. தடம் பழசா இருக்கிற வரைக்கும் நம்ம குழல் காலி. சாணி சூடா இருக்கு, காத்து பாக்கணும்னு பிஎச் நிறுத்துவாரு பாருங்க, அங்க அவர் சொன்னதும் குழல் முனைய தரைக்கு காட்டி ரெண்டையும் போட்டு, கட்டைய மேல தூக்கி மூடணும். குழல விசிறி மேல கொண்டு வந்து மூடக்கூடாது, முன்னாடி நிக்கிறவர் மேல சுத்திட்டுப் போகும். அதுக்கப்புறம் தோள்ல போடவே கூடாது, ரெண்டு கையில, நெஞ்சுக்குக் குறுக்க, முனை ஆள் இல்லாத பக்கம். அந்த தூரம் கொஞ்சம்தான், கை தாங்கும். ரெண்டு தோட்டாவ இடது கை விரல் இடுக்குல வச்சு போட வீட்டுல டம்மி தோட்டாவோட பழகுங்க, பழகினா ரொம்ப சீக்கிரம் வரும்.

லுவாங்வா_நடை:
காலியா இருந்தாலும் முனை எந்தப் பக்கம் வைக்கிறதுண்ணே? முன்னாடியும் ஆள், பின்னாடியும் ஆள். ஸ்லிங் (தோள்ல மாட்டுற வார்) போட்டுக்கலாமா?

பழைய_இரும்பு:
ஸ்லிங்ல முனை வானத்தப் பாக்கும், திறந்த வெளியில நல்லது. அடர்ந்த காட்டுல கிளை மாட்டும், அங்க கழட்டிடணும். ஸ்லிங் வளையம் குழல் மேலேயே, இடது கை பிடிக்கிற முன்கட்டைக்கு நல்லா முன்னாடி இருக்கான்னு பாருங்க, முன்கட்டைல இருந்தா ரீகாயில்ல (சுடும்போது பின்னாடி உதைக்கிறதுல) இடது கைய கிழிச்சிடும். ஸ்லிங் இல்லாதப்போ ட்ரிகர் கார்டு மேல பாக்க, கட்டைய முன்னாடி கையில பிடிச்சு, குழல தோள்ல சாச்சு முனைய நல்லா மேல தூக்கி வைங்க, பின்னாடி வர்றவர் தலைக்கு மேல போகணும். கை வலிச்சா நில்லுங்க, ரெண்டு நிமிஷம் உக்காருங்க, யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. ஓடை இறங்கும்போது, வண்டில ஏறும்போது திறந்து வச்சு ஏறுங்க, எல்லாருக்கும் தெரியுற மாதிரி.

லுவாங்வா_நடை:
அப்டேட். பை மாட்டி காலி ரைஃபிளோட முப்பது தடவ தள்ளிப் பாத்தேன், நாலு தடவ பட்டன் நகந்துச்சு. குழல்_கடை சொன்னது அப்படியே. பிஎச் கிட்ட சொன்னேன், கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் ட்ராக்கரையும் போலீஸ்காரரையும் கூப்பிட்டு அவங்க முன்னாடியே திரும்ப சொல்லச் சொன்னாரு. சொன்னேன், மன்னிப்பும் கேட்டேன். இனிமே என் தோட்டா பெல்ட்ல, அவர் சொன்னாத்தான் குழலுக்குள்ள. பைய ட்ராக்கர் வாங்கிக்கிட்டாரு. இன்னைக்கு காலைல கிளம்பும்போது ரைஃபிள திறந்து நீட்டினேன், அவர் குனிஞ்சு ரெண்டு குழல்லயும் வெளிச்சம் பாத்துட்டு, தலையாட்டிட்டு முன்னாடி நடந்தாரு.