நைட்டி மாற்றியதும் கோழிகள் என்னைக் கண்டு ஓடுகின்றன, ஏன்?

உப்புக்காற்று (வாலிநோக்கம்):

கோழி வளர்க்கிறவர்கள் சிரிக்காமல் பதில் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் ஏற்கெனவே சிரித்து முடித்துவிட்டார்கள்.

கொல்லையில் சிறுவிடை என்கிற நாட்டுக்கோழிப் பெட்டைகள் ஒன்பது, ஒரு சேவல். சுற்றிலும் கருவை முள் வேலி, நடுவில் ஒரு பூவரசு. காலையில் பஞ்சாரக் கூடையைத் தூக்கி நொய்யும் கம்பும் இறைப்பது நான்தான். வருஷக்கணக்காக எனக்கு ஒரே ஊதா நைட்டி, தோளில் ஈரிழைத் துண்டு. துவைத்துத் துவைத்து ஊதா சாம்பலாகி, பொங்கலோடு அது கிழிந்தும் போனது. மகள் புதிதாக ஒன்று வாங்கித் தந்தாள். மஞ்சளில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்புப் பூ.

அதைப் போட்டுக்கொண்டு பஞ்சாரத்தைத் தூக்கினால் அத்தனையும் பறந்தடித்துக்கொண்டு வேலியோரம் போய் ஒதுங்குகின்றன. "ப்பா ப்பா ப்பா" என்று கூப்பிட்டால் கழுத்தை நீட்டுகின்றன. தலையை ஒருக்களித்து ஒரே கண்ணால் என் வயிற்றுப் பக்கத்துப் பூவைப் பார்க்கின்றன. அப்புறம் மறு கண்ணால் பார்க்கின்றன. கிட்ட மட்டும் வருவதில்லை. நான் அடுப்படிக்குள் போன பிறகுதான் தீனி எடுக்கின்றன. முட்டையும் மண்சட்டியில் இடுவதில்லை, கருவைத் தூருக்குள் போய் இடுகின்றன. கீரி தின்றதுபோக மிச்சம் எங்களுக்கு.

எனக்குப் புரியாதது இதுதான். மருமகள் தினம் ஒரு உடுப்பு போடுகிறவள். ஒரு நாள் சுடிதார், ஒரு நாள் சேலை, தலைக்குக் குளித்தால் கொண்டையில் துண்டு. அவளைப் பார்த்து ஒரு குஞ்சுகூட நகர்வதில்லை. என் மஞ்சள் நைட்டியையே அவளைப் போடச் சொல்லி அனுப்பினேன். எல்லாம் காலைச் சுற்றிக்கொண்டு நின்றன! நிறம்தான் காரணமென்றால் அவளிடமும் ஓடியிருக்க வேண்டாமா?

இன்னொன்று. உப்பளத்து வேலைக்குக் கிளம்பும்போது சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை மாட்டி, பனையோலைத் தொப்பி வைத்துக்கொள்வேன். அப்போது கோழிகள் ஓடுவதில்லை. பூவரசுக்கடியில் அப்படியே பதுங்கிவிடுகின்றன. இது வேறு பயமா?

பாம்பன் பாசிக்காரி:

அக்கா, கடலுக்குள் பாசி எடுக்கப் போகும்போது எங்கள் கோலத்தைப் பார்த்தால் தெருநாயே குரைக்கும். சேலைக்கு மேல் சட்டை, தலையில் இறுக்கிய துணி, கண்ணாடி, பாறை கிழிக்காமல் இருக்க விரல் விரலாகச் சுற்றிய துணி. ஆனால் என் கோழிக்கு அது பழகிய வேஷம். விடியுமுன் அந்தக் கோலத்தில்தான் தீனி போடுவேன். கல்யாண வீட்டுக்குப் பட்டுச்சேலை கட்டி, பூ வைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் வந்தால்தான் கொக்கரித்துக்கொண்டு ஓடும்.

ஒன்று கவனித்திருக்கிறேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நின்றால் கைக்கு வரும். கண்ணில் மாட்டியிருந்தால் கொஞ்சம் தள்ளியே நிற்கும்.

தொண்டி மாமா:

பசித்தால் வரும். ரெண்டு சாளை மீன் தலையை நறுக்கிப் போடுங்கள், நைட்டியாவது ஒன்றாவது.

கால்நடை படித்தவன் (தேவிபட்டினம்):

மாமா சொன்ன சாளைத் தலையைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன், அதற்கும் வேலை இருக்கிறது.

அக்கா, உங்கள் மருமகள் கணக்கில்தான் விடை இருக்கிறது. ஆளைக் கோழிக்கு அடையாளம் தெரியும். ஆனால் எதை வைத்து அடையாளம் பிடிக்கும் என்பது நாம் எதைக் காட்டிப் பழக்குகிறோமோ அதைப் பொறுத்தது. மருமகளிடம் துணி தினமும் மாறுகிறது. மாறாதவை குரலும் நடையும் கையிலிருக்கும் கிண்ணமும்தான். அதனால் துணியைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை என்று அவை கற்றுக்கொண்டுவிட்டன. உங்களிடம் வருஷக்கணக்காக ஊதாவும் நீங்களும் பிரிந்ததே இல்லை. ஊதா போனதும் பாதி ஆள் போன மாதிரி. மஞ்சள் கெட்ட நிறம் என்பதில்லை, நீங்கள் பச்சை போட்டிருந்தாலும் இதே கதைதான்.

நிறம் அவற்றுக்கு நம்மைவிடக் கூடுதலாகத் தெரியும் என்பது உண்மை. நம் கண்ணில் நிறமறியும் கூம்புச் செல் மூன்று வகை, கோழிக்கு நான்கு வகை. நமக்குத் தெரியாத புற ஊதா ஒளியில் ஒரு பகுதியும் அதற்குத் தெரியும். சலவைத்தூளில் துணி பளிச்சென்றிருக்கச் சேர்க்கும் பொருள் அந்தப் புற ஊதாவை விழுங்கி நீல ஒளியாக உமிழும். ஆகவே நம் கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு துணிகள் அதன் கண்ணுக்கு வேறு வேறாக இருக்கலாம். தலையை ஒருக்களித்துப் பார்ப்பதும் இயல்புதான். கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் ஒரு பொருளை நன்றாகப் பார்க்க ஒரு கண்ணைத் திருப்பும்.

தொப்பி வேறு பயம்தான், சரியாகக் கேட்டிருக்கிறீர்கள். அப்போது சேவல் எப்படிக் கத்துகிறது? நாய், கீரி என்று தரையில் வரும் ஆபத்துக்குக் "கெக் கெக் கெக்" என்று விட்டுவிட்டு உரக்கக் கத்தும், பெட்டைகள் நிமிர்ந்து நின்று பார்க்கும். வானத்து ஆபத்துக்கு மெல்லிய இழுப்பாக ஒரு சத்தம், உடனே எல்லாம் பதுங்கும். கருவாடு காயப்போடும் நம் கடற்கரையில் செம்பருந்து வட்டமிடாத நேரமில்லை. கோழி நிற்கும் உயரத்திலிருந்து அண்ணாந்து பார்த்தால் உங்கள் ஓலைத்தொப்பி வானத்தை மறைத்துக்கொண்டு நகரும் அகலமான இருட்டு. குடை பிடித்துப் போனாலும் பதுங்கும், பாருங்கள். கொல்லையைத் தாண்டிய பிறகு தொப்பியை வைத்துக்கொண்டால் போதும்.

முட்டை இடம் மாறியதற்கு நைட்டியை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். சட்டியைக் கவிழ்த்து அடிப்பக்கம் பாருங்கள். செள்ளுப் பூச்சி ஏறியிருந்தால் பெட்டைகள் அதில் உட்காரத் தயங்கும். வைக்கோலை எரித்துவிட்டு, சட்டியைக் கொதிநீர் ஊற்றிக் கழுவி, நல்ல வெயிலில் காயவைத்து, சாம்பல் தூவிப் புது வைக்கோல் போடுங்கள். ஒரு பழைய முட்டையை அடையாளத்துக்கு உள்ளே விட்டு வையுங்கள்.

பழக்குவதற்கு: பழைய ஊதாத் துணியில் கொஞ்சம் மிச்சமிருந்தால் துண்டு மாதிரி தோளில் போட்டு, உள்ளே மஞ்சளோடு போங்கள். கொல்லைக்குள் கால் வைக்குமுன் வாசலில் நின்றே கூப்பிடுங்கள், குரல் முதலில் போகட்டும். இப்போதுதான் சாளைத் தலை. மஞ்சள் போட்டால் மட்டும் அது கிடைக்கட்டும். பிறகு ஊதாவை விட்டுவிட்டு, நீங்களும் துணியை மாற்றி மாற்றிப் போடுங்கள்.

உப்புக்காற்று (வாலிநோக்கம்):

தம்பி, சட்டிக்கடியில் செள்ளு மொய்த்துக் கிடந்தது. கையில் ஏறி இன்னும் அரிக்கிறது. சேவல் தொப்பிக்கு நீங்கள் சொன்ன இழுப்புச் சத்தமேதான் கொடுத்தது. ஊதாத் துண்டோடு போனால் பெட்டைகள் முக்கால் தூரம் வருகின்றன. சேவல்தான் இன்னும் முறைக்கிறது.

தொண்டி மாமாவுக்கு: சாளைக்குக் கோழிக்கு முன்னால் பூனை வந்துவிட்டது.

இன்னொரு கேள்வி. வெள்ளைக் கழிச்சல் நோய்த் தடுப்பூசிக்குக் கோழிகளைப் பிடிக்க வேண்டும். இப்போதுதான் கிட்ட வருகின்றன, பிடித்தால் மறுபடியும் ஓடாதா?

கால்நடை படித்தவன் (தேவிபட்டினம்):

பகலில் துரத்திப் பிடிக்காதீர்கள். முந்தின ராத்திரி கூட்டில் அடைந்த பிறகு, இருட்டிலேயே எடுத்துப் பஞ்சாரத்தில் போட்டு மூடிவிடுங்கள். இருட்டில் கோழிக்குப் பார்வை மட்டு, சத்தமில்லாமல் கைக்கு வரும். மறுநாள் ஊசி போடும் இடத்தில் மருமகள் பிடித்துக்கொள்ளட்டும், நீங்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம். திரும்பி வந்ததும் தண்ணீர் வைப்பது நீங்களாக இருங்கள், மஞ்சளோடு.

பாம்பன் பாசிக்காரி:

பாவம் மருமகள்.