சிவப்பு இணைப்பைச் சொடுக்கினால் வார்ப்புரு வரவில்லை

குமரி மாவட்டக் குளங்களைப் பதிவு செய்ய நாகர்கோவிலில் நாலைந்து பேர் சேர்ந்து மீடியாவிக்கி 1.39 (விக்கிப்பீடியா ஓடும் அதே விக்கி மென்பொருள்) போட்டிருக்கிறோம். 'குளம்' என்று தனிப் பெயர்வெளி, அதாவது குளப் பக்கங்களுக்கு மட்டுமான பகுதி. அதில் புதுப் பக்கம் திறந்ததுமே வட்டம், ஆயக்கட்டு, மடை, மறுகால் என்ற தலைப்புகள் கொண்ட வார்ப்புரு தானாக வந்து நிற்க வேண்டும்.

பெயரைத் தட்டிப் புதுப் பக்கம் திறக்கும் பெட்டியைத் தருகிற இன்புட்பாக்ஸ் நீட்சியில், வார்ப்புருவை முன்கூட்டியே நிரப்பும் ப்ரீலோட் கொடுத்தேன். அந்தப் பெட்டி வழியாகப் போனால் கச்சிதமாக வருகிறது. சிவப்பு இணைப்பை (இன்னும் உருவாக்காத பக்கத்துக்கான இணைப்பு) சொடுக்கினால் வெறும் வெள்ளைப் பக்கம்தான். நம்ம ஆட்கள் சிவப்பைக் கண்டால் விடமாட்டார்களே! போன வாரம் தேரூர் குளத்துக்கு ஒருவர் மறுகால் என்ற தலைப்பே இல்லாமல், 'தண்ணி வழிஞ்சு போற இடம்' என்று ஒற்றை வரி எழுதி வைத்திருக்கிறார்.

புதுப் பக்கம் திறக்கும்போது விக்கி காட்டும் நியூஆர்ட்டிக்கிள்டெக்ஸ்ட் செய்தியையும் மாற்றிப் பார்த்தாச்சு. தொகுப்புப் பெட்டிக்கு மேலே அறிவிப்பாக நிற்கிறதே தவிர உள்ளே இறங்கவில்லை.

'குளம்' பெயர்வெளிக்கு மட்டும், சிவப்பு இணைப்பு வழியாக வந்தாலும் வார்ப்புரு நிரம்ப, பிஎச்பி ஹூக் (மென்பொருளோடு நாமே எழுதிச் செருகும் நிரல்) எழுதாமல் வழி உண்டா?